கரைய வேண்டிய ஜெல்

தேநீர்க் கோப்பை சுடவில்லை. ஆவி பறக்கும் கோப்பையை ஸ்மரான்டா வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்நுனிகளில்கூடச் சூடு ஏறவில்லை. இடது கைக்கு மாற்றியதும் சுரீரென்றது.

யாஷ் நகரத்துக் குளிர்கால மாலை சீக்கிரமே இருட்டிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும், தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்காகச் சக ஊழியர் நிகோலாய் கொடுத்த விருந்துக்குப் போய்விட, வளைவில் திரும்பும் டிராமின் கிறீச்சொலியும், சூட்டுப்பெட்டிகளின் முனகலும், ஈரச்சுவரின் பூஞ்சை வாடையோடு கலந்த காடி நெடியும்தான் அவளுக்குத் துணை. லிவியு மட்டும் பக்கத்து அறையில் எதையோ கழுவிக்கொண்டிருந்தான்.

கட்டுக்குள் காயத்தில் இருந்தது இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஜெல். பிணைப்பைக் கூட்டினால் ரப்பராக இறுகும், குறைத்தால் தயிராகத் தளரும்; காயத்தை ஆற்றிவிட்டு இரண்டு வாரத்தில் உடம்போடு கரைந்துவிடும். போன வாரம் கண்ணாடிக் குடுவை உடைந்து உள்ளங்கை கிழிந்தபோது, "தையல் எதுக்கு? நம்ம ஜெல் இருக்கே" என்று லிவியுதான் ஊசியை எடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். கல்லூரி நாளிலிருந்து அவனைக் கூடப்பிறந்தவனாக நினைத்தவள்.

இப்போது ஒன்று உறைத்தது.

ஜெல் எப்போதும் குளிர்பெட்டியில்தான் இருக்கும். வெளியே எடுத்தால் உடல்சூட்டுக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். அன்று குடுவை உடைந்த மறுநிமிடமே அவன் ஏற்றிய ஊசி வெதுவெதுப்பாக இருந்தது.

குடுவை உடையும் என்று அவனுக்கு முன்பே தெரியும். குடுவையை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

பயத்தைவிட அவமானம்தான் அதிகம். இத்தனை வருட நட்பில் நம்பவைத்துக் கழுத்தறுத்திருக்கிறான். கட்டை அவிழ்த்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

உள்ளங்கை வழியே மேஜையின் மரக்கோடுகள் தெரிந்தன.

எலும்பில்லை. ரத்தமில்லை. விரல்நுனிகளில் மட்டும் பழைய தோல்நிறம்; மற்றதெல்லாம் கையின் வடிவத்தில் தெளிந்த ஜெல்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. லிவியு கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"வலிக்குதா ஸ்மாரா?"

"என்னடா பண்ணின?"

"கலவையைக் கொஞ்சம் மாத்தினேன். அது கரையாது. சுத்தியிருக்கிற சதையைத் தன்னை மாதிரியே ஆக்கிக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே." குரலில் பழைய பாசம் மாறவேயில்லை. "விரலை மடக்கிக் காட்டேன். கதவுக் கண்ணாடில எனக்குத் தெரியுது."

அவள் மடக்கவில்லை.

விரல்கள் தாமாக மடங்கின. மெதுவாக. ஒவ்வொன்றாக.

அலறிக்கொண்டு இடது கையால் அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அது அவள் இடது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. ஜில்லென்று. இறுக்கமாக.

அந்தப் பிடிக்கு அடியில், தோலின் நிறம் போய்க்கொண்டிருந்தது.