சாம்பல் தொட்ட வயர்

“மெக்கானிக் எங்கங்க?”

“உங்க எதிர்லதான் நிக்கறேன்.”

வீரபாகு நாக்கைக் கடித்துக்கொண்டான். மழைக்கோட்டில் நீர் சொட்ட ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்… இமையோரம் இரண்டு மழைத்துளி. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை, நேராகக் காரைப் பார்த்தாள். பாவம், பையன் அங்கேயே கொஞ்சம் தடுமாறிவிட்டான்.

சிவசங்கரி தேசூர் விவசாயி மகள். கார்களின் எலெக்ட்ரிக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆரணியில் கடை போட்டு ஆறு மாதம். அவனோ ஆரணிப்பாளையத்துப் பட்டு நெசவுக் குடும்பம்.

“வண்டி இன்னா பண்ணுது?”

“காலைலருந்து ஸ்டார்ட்டே ஆவல. ஸ்டீயரிங் பூட்டிகினு அசைய மாட்டேங்குது. ஒரே பேஜார். ஒருத்தரு வந்து பாத்துட்டு, லாக்கையே மாத்தணும்னுட்டாரு.”

அவள் ஸ்கேனரைச் செருகினாள். திரையில் எல்லாப் பாகமும் பதில் சொன்னது, ஸ்டீயரிங் லாக் மட்டும் வாயே திறக்கவில்லை.

“அப்ப லாக்கு செத்துடுச்சா?”

“பதில் வரலன்னா செத்துடுச்சுன்னு ஆயிடுமா? நாம கேட்டதே அதுகிட்ட போயிருக்காது.”

ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, மீட்டரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்தாள். லாக்குக்குக் கரெண்ட் வருகிறது. எர்த் சரி. கண்ட்ரோல் பெட்டியிலிருந்து சிக்னல் கிளம்புகிறது… லாக் வரைக்கும் வந்து சேரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சந்தேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீரபாகு மூச்சைக்கூட மெதுவாக விட்டான். ஆயிரக்கணக்கான இழையில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடிப்பவன் அவன். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றை இவள் இப்படித் துரத்திப் பிடிக்கிறாளே… என்ன பெண் இவள்!

“லாக்கு நல்லா இருக்கு. நடுவுல வயர்தான். இதுக்கு முன்னாடி யாராச்சும் இங்க கை வெச்சாங்களா?”

அவனுக்குத் திக்கென்றது.

சித்திரையில் எலி கடித்த வயர்! ‘ஒர்க் ஷாப்பில் கொடுத்து சரி பண்ணு’ என்றார் அப்பா ஜெயவேல். தறியில் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவு நூலை இழை இழையாக விரலால் முறுக்கிப் பிணைப்பதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. இதற்குப் போய் ஒர்க் ஷாப்பா என்று வயரையும் அதே மாதிரி தானே முறுக்கி ஒட்டினான். ஒர்க் ஷாப்பில் கொடுத்ததாக அப்பாவிடம் சொல்லியும் விட்டான். அந்த அப்பா இப்போது பக்கத்திலேயே நிற்கிறார்.

“இல்லீங்க…” வாய் முந்திக்கொண்டது.

“அப்ப டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கும். மொத்தமா கழட்டணும்.”

“அதெல்லாம் வாணாம்மா,” என்றார் ஜெயவேல். “ஒரு மணி நேரமா படுத்துகினு இருக்க. கண்டுபுடிக்கத் தெரியலன்னா சொல்லிடு. வேலூர்லருந்து ஆம்பள ஆளா வரச்சொல்லிக்கறேன்.”

அவள் முகம் சட்டென்று சுண்டிப்போனது. ஸ்கேனர் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். நாளைக்கே ஊர் முழுக்க, ‘அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியாது’ என்று ஆகிவிடும். அவள் செய்தது அத்தனையும் சரி. தப்பு செய்தவன் கல்லாட்டம் நிற்கிறான். அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

“அப்பா… நான்தான் கை வெச்சேன். ஒர்க் ஷாப்ல குடுக்கல, பொய் சொன்னேன். அவங்க சொன்னது எல்லாம் கரெக்ட்டு.”

ஜெயவேல் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் குனிந்து ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டினான். சிவசங்கரி டேப்பைப் பிரித்தாள். உள்ளே கறுப்புப் பட்டு நூல் சுற்று, அதற்கும் உள்ளே பச்சையாகப் பூத்துப்போன செம்பு.

“இது இன்னாங்க, சாம்பலா?”

“பாவு பிணைக்கறப்ப விரல்ல சாம்பல் தொட்டுக்குவோம்… வழுக்காம இருக்க. பழக்கத்துல…”

“வயருக்கு விபூதி பூசியிருக்கீங்க!” சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். “சாம்பல்ல ஈரம் ஏறி செம்ப அரிச்சிடுச்சு. ஆனா ஒட்டு போட்ட எடமே தெரியல. இவ்ளோ அழகான தப்ப நான் பாத்ததே இல்ல.”

கெட்டதை வெட்டியெறிந்து, புது வயர் வைத்துப் பற்றவைத்தாள். பிறகு நிதானமாக, ரொம்ப நிதானமாக டேப் சுற்றினாள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ‘டக்’கென்று லாக் விலகி ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியது. வண்டி ஸ்டார்ட் ஆனது.

ஜெயவேல் தொண்டையைச் செருமினார். “நான் பேசினது தப்பும்மா. இரு, காபி குடிச்சிட்டுப் போ.” சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தூறலில் இருவரும் தனியாக நின்றார்கள்.

“அப்பா முன்னாடி ஏங்க மாட்டிக்கினீங்க? சும்மா இருந்திருக்கலாமே.”

“நீங்க தலை குனிஞ்சிகினு போறத பாக்க முடியலங்க.” அவன் ஒரு அடி கிட்டே வந்தான். “இன்னொன்னும் சொல்லிட்றேன்… கோச்சிக்காதீங்க. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு.”

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே காரைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

“வயர் வேலை பத்து நிமிசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சுங்க,” என்றாள் மெல்ல. “எனக்குத்தான் போவ மனசு வரல… சும்மா டேப்பு சுத்திகினு இருந்தேன்.”