முழங்கால் பேரம்

காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் உடற்காவலனிடம் அன்றைய அபாய அளவை வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். பிடரிக்குள் பதித்த சில்லு அது. மாடிப்படி வேண்டாம், வெயில் வேண்டாம் என்று சொல்லும். ஊரே தலையாட்டிவிட்டுக் கிளம்பும். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்தும் வெயிலுகந்தாள் மட்டும் பேரம் பேசுவாள். அறுபதை நெருங்கும் வயது, ஒருமுறை மிரட்டிவிட்டுப் போன நெஞ்சு. அதன் பிறகு சொந்த மண்டியின் பரணில்கூடக் காவலன் அவளை ஏறவிட்டதில்லை.

அன்று அவள் கேட்டது, மேற்கே இருப்பதிலேயே உயரமான சிகரம். காவலன் பதறியது. அவள் முனகிக்கொண்டே இறங்கி வந்து, பக்கத்தில் அதைவிடத் தாழ்ந்த வேழமுடி மலைக்குச் சம்மதித்தாள். முதலிலிருந்தே அவளுக்கு வேண்டியிருந்தது வேழமுடிதான்.

"ஏமாத்துக்காரி," என்றான் தம்பி தனுஷ்கோடி, காட்டுப்பாதையில் மூச்சிரைத்தபடி. "உச்சிக்குத்தான் தூக்குநாற்காலி பறந்து போகுதே. உக்காந்தாப் போதும்."

"சரக்கு மூட்டையும் அப்படித்தாம்ல போகுது."

பாதை சுவர்போல நிமிர்ந்தது. வேர்களைப் பிடித்து ஏறினார்கள். ஈரச் சருகு வழுக்கியது, அட்டைகள் கணுக்காலை விசாரித்தன. தலைக்கு மேலே நாற்காலிகள் சத்தமில்லாமல் மிதந்துபோயின.

மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இருவரின் முழங்கால்களையும் அவரவர் காவலன் இறுகப் பூட்டியது. வெயிலுகந்தாள் தன் காவலனின் குரலை வெளியே கேட்கும்படி வைத்திருப்பாள். பேரத்துக்குச் சாட்சி வேண்டுமே.

"நாடித்துடிப்பு எல்லை கடந்துவிட்டது. நாற்காலி வருகிறது. பூட்டு உங்கள் நன்மைக்கே."

"அளவு முடிஞ்சா கொசுறு போடு. காய் வாங்கினா கறிவேப்பிலை தர மாட்டானா?"

"கொசுறுக்கு விதியில் இடமில்லை."

கடையாக இருந்தால் இந்த நேரத்தில் எழுந்து நடந்திருப்பாள், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். காலைப் பூட்டிவிட்டால் எப்படி நடப்பது? பேரத்துக்கே கால்தான் கைமுதல் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப காப்பு விலக்கு கொடு, உன் காவலே எனக்கு வேண்டாம்," என்றாள்.

தனுஷ்கோடி எட்டி அவள் கையைப் பிடித்தான். "யக்கா, விளையாடாத! விலகிட்டா விலகினதுதான். அப்புறம் நெஞ்சு வலிச்சா எந்த ஆஸ்பத்திரியும் கதவைத் திறக்காது."

காவலன் இறங்கி வந்தது. "அந்தப் பெரிய பாறை வரை அனுமதிக்கலாம்."

அவள் கையில் கடித்துத் தொங்கிய அட்டையைச் சாவகாசமாகப் பிய்த்துப் போட்டாள்.

"உச்சிக்குச் சற்றுக் கீழே வரை."

அவள் அடுத்த அட்டையைத் தேடினாள்.

"சரி. உச்சி வரை. இன்று மட்டும்."

"படிஞ்சிட்டான்க்கா!" தம்பி கைதட்டினான். "ஏறு, ஏறு!"

வெயிலுகந்தாளின் முகம் கறுத்தது. "உச்சிக்கு விடலாம்னா பரணுக்கு ஏன் விடல? இத்தனை வருசமா இவ்வளவு லாபம் வச்சா எனக்கு வித்த?"

"அது எச்சரிக்கைக்கான இடைவெளி. எல்லோருக்கும் உண்டு."

"எல்லாருக்குமா?" மேலே மிதந்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்தாள். "விலக்கு. உறுதி."

பூட்டு விட்டது. காவலன் அதுவரை மழுக்கி வைத்திருந்த வலியெல்லாம் ஒரேயடியாக வந்து சேர்ந்தது. தொடை நடுங்கியது. கையும் காலுமாகப் பாறையைப் பற்றி ஏறினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, எவ்வளவு என்று சொல்ல யாருமில்லை. இரண்டு இடத்தில் நின்றாள், தானாகவே.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நாற்காலிகள் வரிசையாக நின்றன. வாரைக்கூட அவிழ்க்காமல் அவற்றில் இருந்தவர்கள், கிழிந்த முழங்கையோடு எழுந்து நின்றவளை வேடிக்கை பார்த்தார்கள். கீழே காடு, அதன்மேல் மேக நிழல்கள், அதற்கும் அப்பால் வெளுத்துக் கிடந்த சமவெளி.

"யக்கா! என்ன தெரியுது?" கீழிருந்து தம்பி கத்தினான்.

மூச்சைத் திரட்டிக்கொண்டாள். "சொல்ல மாட்டேம்ல! ஏறி வந்து பாரு!"

 பிறகு, வாழ்நாளில் எதற்கும் குரல் உயர்த்தாத தனுஷ்கோடி தன் காவலனை அதட்டுவது கேட்டது.

"ஏய், எனக்கு எவ்வளவு லாபம் வச்சிருக்க? சொல்லு!"

நாற்காலியில் இருந்த ஒரு பெண் மெல்லக் கையை உயர்த்தித் தன் பிடரியைத் தடவிப் பார்த்தாள்.