நீர்யானையைக் கொன்றது யார்?

அருங்காட்சியகத்தின் புதிய பலகையைப் படித்ததும் மருதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஆறுகளில் நீர்யானைகள் வாழ்ந்தன. மலைவாசிகளின் முன்னோர் அவற்றை வேட்டையாடி அழித்தனர்.’

“யாரு பாத்தா? எங்க பாட்டன் பூட்டன் மேல பழி போட என்ன ஆதாரம் சார்?” நிலவியல் படிக்கும் அந்த இருளர் பெண்ணின் குரலில் கூடமே அதிர்ந்தது.

காப்பாட்சியர் தணிகாசலம் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இல்லைன்னு நீ ஆதாரம் கொண்டு வாம்மா. மாத்திடறேன்!”

“கொண்டு வர்றேன்!”

மூன்றாம் நாள் காலை, மருதியும் வகுப்புத் தோழி ஆயிஷாவும் ஒரு செங்குத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றார்கள். மருதியின் அத்தை மகன் நஞ்சன் அங்கே தேன் எடுக்க இறங்கியபோது, பாறை இடுக்கில் கையளவுப் பற்களைப் பார்த்திருந்தான். அவன் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினான். “தேனீ கெளம்புச்சுன்னா கைய ஆட்டாதீங்க! பாறையோட ஒட்டிக்கங்க!”

கயிற்றைப் பிடித்து மூவரும் இறங்கினார்கள். பாதி வழியில் ஆயிஷாவின் கால் வழுக்கியது. உருண்ட கல் தேனடையில் மோதியது. கருமேகமாய்க் கிளம்பின தேனீக்கள்! மூவரும் மூச்சடக்கித் தொங்கினார்கள். கழுத்தில் ஏழு கொட்டு வாங்கியும் மருதி கயிற்றை விடவில்லை.

இரைச்சல் அடங்கியதும் இடுக்குக்குள் தாவினார்கள். அடேயப்பா! பாளம் பாளமாய் வெடித்துக் கல்லாகிப்போன சேற்றில், தாயும் குட்டியுமாய்ப் பதினோரு நீர்யானைகளின் எலும்புகள்!

“வெட்டுத் தடமே இல்ல! தண்ணி வத்தித்தான் செத்திருக்கு!” என்று கூவினாள் ஆயிஷா.

அப்போதுதான் மருதியின் தூரிகை ஒரு தொடை எலும்பில் நின்றது. அருகருகே நான்கு நேர்க்கோடுகள். கல் ஆயுதம் கீறிய தடம்!

நஞ்சனின் முகம் கறுத்தது. “அதப் பள்ளத்துல வீசு புள்ள. ஆருக்குத் தெரியப் போவுது?”

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதுனாங்கன்னுதான நமக்குக் கோபம்? தெரிஞ்சத மறைச்சா நாம மட்டும் என்ன ஒசத்தி?” என்று சீறினாள் மருதி. கிடந்தபடியே எல்லாவற்றையும் படமெடுத்தாள். அந்த எலும்பையும், கீறலில்லாத ஒன்றையும் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள்.

கீறலைக் கண்டதும் தணிகாசலம் சிரித்தார். “பாத்தியா? நான் சொன்னேன்ல!”

“ஒரே ஒரு எலும்பு சார்! கொன்னு தின்னாங்களா, செத்ததை அறுத்துத் தின்னாங்களான்னு இந்தக் கோடு சொல்லுமா? மத்ததெல்லாம் வெடிச்ச சேத்துல கெடக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?” படங்களை அவர் முன் பரப்பினாள்.

அவர் படங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “அப்ப, எதனாலதான் அழிஞ்சுதாம்?”

“தெரியல சார். அதையே எழுதுங்க!”

பலகை மாறியது: ‘வறட்சியா, வேட்டையா, இரண்டுமா? இன்னும் தெரியவில்லை.’

அந்தக் கடைசிச் சொல்லை எழுதத் தணிகாசலத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் மருதி அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.