யார் பேருக்குப் பறித்தது

மனித குலத்தின் புண்கள் அனைத்தும் வரும் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஆறத் தொடங்கும் என்று, பெருமாள்மலைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டகையும் கொண்ட மூலிகை ஆய்வு நிலையம் ஃபிளெக்ஸ் பேனர் கட்டி அறிவித்திருந்தது. பேனரில் இயக்குநர் பாலமுருகன் வெள்ளைக் கோட்டும் கையில் சோதனைக் குழாயுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் இருந்தது பாலில்லாத காப்பி. கலந்துகொடுத்த ஆய்வு உதவியாளர் லாவண்யாவுக்கு மட்டுமே அது தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலை லாவண்யாவின் காதில் கம்மல் நுழையவில்லை.

முந்தின இரவு கழற்றி வைத்த அதே கம்மல்தான். கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். ஓட்டை தூர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வயதில் பழனியில் மொட்டையடித்துக் காது குத்தியதே நடக்காதது மாதிரி, பச்சைக் குழந்தையின் காதாக வழவழவென்று இருந்தது. குளிரில் சதை இறுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதுகலை வேதியியல் படித்தவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டால் அதற்குக் கருதுகோள் என்று பெயர்.

பிளந்த சதையைப் பொருத்தி மூடும் என்று மலைக்காரர்கள் சொல்லும் பொருந்துதழை லாவண்யாவின் மேசைக்கு வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மேல்மலையில் பூண்டு போடும் ராக்காயி, காட்டில் வேலை இல்லாத நாட்களில் தழை பறித்து வந்து கொடுப்பாள். லாவண்யா அதை எரிசாராயத்தில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து, பதினான்கு எலிகளின் முதுகுப் புண்ணில் தடவினாள். ஓர் எலிக்குக்கூட ஆறவில்லை. ஆனால் சூடான அடுப்பில் பட்டு அவள் மணிக்கட்டில் வந்த கொப்புளம், சாறு ஒரு சொட்டும் படாமல், விடிவதற்குள் காணாமல் போனது. பாலமுருகன் எலிகளை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் அறிக்கையில் சேர்த்தார்.

"எலிக்கு நம்பிக்கை பத்தலைம்மா," என்றார். "கட்டுரையில உன் பேருதான் முதல்ல. இது என் ப்ராமிஸ்."

ஆறு வருடம் அடுத்தவர் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி தொங்கியவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

நண்பகலில் மூடுபனி ஜன்னல் விளிம்பு வரை ஏறி வந்து உட்கார்ந்தது. சாராய நெடியும் கசக்கிய பச்சிலை வாசமும் கலந்து அறை முழுவதும் கனமாகத் தேங்கி நிற்க, சாற்றைச் சுண்டவைக்கும் கருவி தன் குடுவையை ஓயாமல் சுழற்றி முனகிக்கொண்டிருக்க, அந்த முனகலுக்கு அடியில் வேறொரு சத்தம், ஈரக் காகிதம் கண்ணாடியில் ஒட்டுவதுபோல மிக மெல்லிய ஒரு 'சப்', எங்கிருந்தோ வந்தது. மீண்டும் வந்தது. மிக அருகில். லாவண்யா கையுறையைக் கழற்றினாள். சுண்டு விரலும் மோதிர விரலும் முதல் கணு வரை ஒன்றாகியிருந்தன.

தழை மூட்டையோடு உள்ளே வந்த ராக்காயி அதைக் கவனிக்கவில்லை.

"யாத்தே, இன்னும் எம்புட்டுத்தான் வேணும்? அந்தப் புள்ளைக்கு இன்னுமா ஆறல?"

"எந்தப் புள்ளைக்கு?"

"நல்லாக் கேட்டீங்க மேடம். யார் பேருக்குன்னு வேருக்கிட்ட சொல்லாம தழையில கை வைப்போமா? பேரு கேட்டேன், நம்ம பாலமுருகன் டாக்டருதான் சொன்னாரு. லாவண்யான்னு ஒரு புள்ள, ஆஸ்பத்திரியில கெடக்காம்ல."

மேடம் என்றே கூப்பிட்டுப் பழகியவளுக்குப் பெயர் தெரிய நியாயமில்லை.

"நான்தான் லாவண்யா."

ராக்காயி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "உங்களுக்கு என்ன நோவு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவுக பேரைச் சொன்னா அது எதைங்க ஆத்தும்?" அவள் பார்வை அந்த விரல்களில் வந்து நின்றது. குரல் இறங்கியது. "போன வருசம் டாக்டரு, இங்க வேலை பாத்த அஜய் சார் பேரைச் சொன்னாரு."

"அவர் ஜெர்மனி போயிட்டார்."

"யாரு சொன்னா?"

சொன்னது பாலமுருகன்.

"நோவு ஆறினவுக வேரைப் பாத்து, தன் வாயால போதும்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் அது சோலியை விடாது. பேரு சொன்ன செடியவே தோண்டிக் கொட்டகையில வச்சிருக்காரு டாக்டரு. வெரசா போங்க மேடம். வாய் இருக்கும்போதே போங்க."

கொட்டகைக்கு முப்பது அடி. பனியில் தகரக் கதவு தெரியவில்லை. உதட்டின் இடது ஓரம் இழுத்தது. குளிரில் வெடித்திருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். நாக்கால் தொட்டாள். ஓரம் இல்லை. அங்கே கன்னம்தான் இருந்தது.

சப்.

ஓடினாள்.

கொட்டகைக்குள் மண்வாசம். நீளத் தட்டில் வேர்கள், கழுவித் துடைத்து, வரிசையாக. பக்கத்தில் பாலமுருகன், விழாவுக்குப் புதுக் கோட்டு அணிந்து.

"எம் பேரையா சொன்னீங்க, சார்?" பாதி வாயில் அவ்வளவுதான் வந்தது.

"உன் பேருதானேம்மா முதல்லன்னு சொன்னேன்." அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. விருது கொடுப்பவரின் கனிவுதான் இருந்தது. "எலிக்குப் பேரு கிடையாது. ஒரு ஆள் வேணும்ல? பெரிய விஷயத்துக்கெல்லாம் யாராவது ஒருத்தர் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும்."

தன் தம்பிக்குக்கூட அவள் அப்படி நம்பிக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆறு வருடம். அவர் நீட்டிய ஒவ்வொரு தாளிலும்.

வேரிடம் குனிந்தாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போ..."

உதடுகள் சேர்ந்தன. கடைசி 'ம்'முக்காக அல்ல. அவை பிரியவில்லை.

நகத்தால் கீறினாள். ரத்தம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. கீறல் மறைந்தது. மறுபடி கீறினாள். மறைந்தது. நாக்கு உள்ளிருந்து முட்டியது. சுவர். இளஞ்சூடான, ஈரமான சுவர். மூக்கின் வலது பக்கம் காற்று நின்றது.

சப்.

"அசையாதம்மா," என்று பாலமுருகன் கைப்பேசியை உயர்த்தினார். "அப்படியே நில்லு. தையல் போட்ட அடையாளம்கூட இல்ல, பாரேன்."

அவள் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். மூக்கிலிருந்து தாடை வரை ஒரே கன்னம். மேலே இரண்டு கண்கள், ஓரங்கள் சற்றே குறுகி.

படம் தெளிவாக விழுந்திருந்தது.