மூன்று மணிக்கு மேல்வீட்டில்

"உன் புருஷனைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லும்மா" என்றாள் ஓர்னெல்லா.

கீழ்வீட்டுக்காரி. எண்பதைத் தாண்டியவள். குளிர்காலம் முழுக்க அன்கோனாவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, ஈஸ்டருக்குத்தான் இத்தாலியின் இந்த மலைநகரம் பெருஜாவுக்குத் திரும்பியிருந்தாள்.

"மத்தியானம் மூணு மணிக்கு ஊரே படுத்துக் கெடக்கு. இவரு மட்டும் தடியை ஊனிக்கிட்டு டொக்கு டொக்குன்னு. பட்டாளமா நடத்துறாரு?"

மொய்ரா கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பிப்ரவரியிலயே போயிட்டாரு."

"எங்க, ஸ்காட்லாந்துக்கா?"

"செத்துட்டாரு, சிஞ்ஞோரா."

ஓர்னெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பார்வை மொய்ராவின் தோளைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

"அப்ப நேத்து நடந்தது யாரு?"

லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. அதனால்தான் வாடகை குறைவு. ஸ்காட்லாந்தில், சொந்த ஊரான டண்டீயில் ஓர் அறையைச் சூடாக்கவே போதாத ஓய்வூதியத்தில் இங்கே இரண்டு அறைகள், கூரைகளைப் பார்த்த பால்கனி, ஞாயிறுதோறும் ஒயின். வீட்டைப் பிடித்தவள் மொய்ராதான். இதய நோய்க்காரனான அலஸ்டர் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குவான். "மலிவா கெடச்ச சொர்க்கம்டீ, ஏறித்தான் ஆகணும்" என்று சிரிப்பான். ஒரு நாள் மூன்றாம் தளத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்தவன் எழவேயில்லை.

அதற்குப் பிறகு பத்து வாரங்கள் அவள் அந்த வீட்டில் காது கொடுத்தபடியே இருந்தாள். ஜன்னல் பலகைகள் காற்றில் முனகுவதும், சுவருக்குள் குழாய்த் தண்ணீர் இறங்குவதும், புறாக்கள் ஓட்டின்மேல் நகம் கீறி நடப்பதும், கோயில் மணி ஓய்ந்த பின்னும் அதன் அதிர்வு காப்பிக் கோப்பையில் நடுங்குவதும் கேட்டன. அவன் மட்டும் கேட்கவில்லை. இப்போது ஓர்னெல்லாவுக்குக் கேட்கிறானாம். பயத்துக்கு முன் பொறாமைதான் வந்தது.

மறுநாள் தன் வீட்டைப் பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கீழே போனாள். ஓர்னெல்லாவின் அடுப்படியில் பூண்டும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை. சாத்திய பலகைகளின் இடுக்கு வழியே ஒளி கோடு கோடாக விழுந்தது. இருவரும் விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி மூன்று அடித்தது.

ஒரு காலடி. ஒரு தட்டல். இழுபடும் வலது கால்.

மொய்ராவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவன்தான். படுக்கையறையிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னலிலிருந்து மேசைக்கு. நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் மேல போறேன்" என்று எழுந்தாள்.

ஓர்னெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு. தெனமும் இதுக்கப்புறம் இன்னொண்ணு கேக்கும். அது நீதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மேலே செருப்புச் சத்தம். மெத்தென்ற வீட்டுச் செருப்பு. அடுப்படியிலிருந்து மேசைக்கு, அவசரமில்லாமல். தட்டு வைக்கும் ஓசை. பிறகு ஒரு பெண் குரல், தரை வழியே மங்கலாக, டண்டீப் பேச்சில்:

"அலஸ்டர், சூப்பு ஆறுது. உக்காரு."

மொய்ராவின் குரல்.

படிகளில் ஓடினாள். மூச்சு முட்டியது. கதவடியில் பருப்பு சூப்பின் மணம். அவள் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. சாவியை நுழைத்தாள். நுழையவில்லை. உள்ளே வேறொரு சாவி இருந்தது.

தட்டினாள். "அலஸ்டர்!"

கரண்டி நின்றது.

"யாரோ தட்டுறாங்க மொய்ரா" என்றான். அதே கரகரப்பு. இத்தனை பக்கத்தில்.

"நான்தான்! கதவத் தொற! நான்தான்!"

செருப்புகள் வந்தன. நின்றன. கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே, யாரோ மூச்சு விட்டார்கள். இவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடக்கியது.

தாழ்ப்பாள் மெல்ல விழுந்தது.

"யாருமில்ல" என்றது அவள் குரல். "நீ சாப்பிடு."

கரண்டி மறுபடி தட்டைத் தொட்டது. மொய்ரா கதவில் காதை வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் எதற்கோ சிரித்தான். கூடவே அவளும் சிரித்தாள்.