பதின்மூன்று அடிக்கு உள்ளே

பதினொரு படத்திலும் அந்த ஒரு கொக்கு மட்டும் அசையவில்லை.

மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் நின்று புதன்கிழமை எடுத்த படங்கள் அவை. மற்றக் கொக்குகள் எல்லாம் படத்துக்குப் படம் இடம் மாறியிருந்தன. ஒன்று சேற்றைக் குத்தியது, ஒன்று பறந்துபோனது, இரண்டு ஒரு தவளைக்குச் சண்டை பிடித்தன. இடது பக்க மேல்மூலையில் நின்ற வெள்ளைப் புள்ளி மட்டும், கமராவை எந்தத் திசைக்குத் திருப்பி எடுத்தாலும் அதே மூலையில் நின்றது. ஜவுபருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கல்முனையில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா? திசை மாறியும் இடம் மாறாதது கொக்கல்ல, தூசி.

கமராவைத் திறந்து ஊதினான். பழைய மல்பீஸ் துணியால் துடைத்தான். கடற்கரை ஊரில் லென்ஸ் வைத்திருப்பது பால் சட்டியைப் பூனையிடம் கொடுத்த கதைதான். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகத்தான் புது லென்ஸ் இரண்டையும் மனைவி முனவ்வறாவின் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தான்.

"அரிசி போட விடாம அடைச்சு வெச்சிரிக்கீங்க. எப்பதான் ஒண்டத் தெரிஞ்செடுக்கப் போறீங்க?" என்று அவள் தினமும் கேட்டாள்.

அதுதான் அவனுக்கும் முட்டிக்கொண்டு நின்றது. கொழும்பில் காட்டுயிர்கள் பற்றிப் புத்தகம் போடும் ஒருவர், கிழக்குக் கரையின் பறவைகளையும் யானைகளையும் பத்துப் படமாக அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். இந்த மாதக் கடைசிதான் கெடு. அடையாள அட்டைக்காகக் காதிரண்டும் தெரியத் தலை தலையாக எடுத்தே நரைத்துப்போனவனுக்கு இப்படி ஒரு கடிதம் இன்னொரு முறை வராது. அந்தக் கடிதத்தை அவன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

லென்ஸ்கள் றஸாக்குடையவை. பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, இப்போது டோஹாவில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். ஒன்று முந்நூறு மில்லிமீற்றர், நல்ல வெளிச்சம் குடிக்கும், பந்து உதைக்கும் கால் கூட ஆடாமல் விழும், ஆனால் தூக்கினால் தோள் கழன்றுவிடும். மற்றது ஐந்நூறு, உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த கட்டை லென்ஸ்; சீனி டின் அளவுதான், கொக்கின் கண்ணைக்கூடப் பிடித்துத் தரும், ஆனால் மேகம் மறைத்தால் குருடு, பின்னால் மினுங்கும் தண்ணீரையெல்லாம் நடுவில் ஓட்டையோடு வடை வடையாகக் காட்டும். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு குறைதான்: பதின்மூன்று அடிக்கு உள்ளே நிற்கிற எதையும் இரண்டுமே காணாது, வெறும் புகையாகத்தான் விழும். வருகிற ஞாயிற்றுக்கிழமை றஸாக் திரும்புகிறான். ஒன்றை ஜவுபருக்கு விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோவான்.

சும்மா தரவில்லை. "எங்கட வாப்பாட படம் ஒண்டு வேணும் மச்சான்," என்று வந்த அன்றே கேட்டிருந்தான். "அங்க இரிக்கக்குள்ள மொகமே மறந்து போகுது. அவர் ஒருக்காலும் எடுக்க விட மாட்டார். இது தூரத்துலரிந்து எடுக்கிற சாமான்தானே. அவருக்கு எங்க தெரியப்போகுது?"

றஸாக்கின் தகப்பன் மஜீட் ஹாஜியார் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கமராவுக்கு முன்னால் இருந்தவர். ஹஜ்ஜுக்குப் போகப் பாஸ்போட் வேண்டுமே என்று ஜவுபரின் ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தை வாங்கியதும் நெகட்டிவையும் கேட்டு வாங்கி, அந்த இடத்திலேயே தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினார். "கேட்டு எடுத்தா அது தொழில் மகன். கேளாம எடுத்தா களவு," என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு படியிறங்கினார். வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடையை அவர் விரித்து யாரும் கண்டதில்லை. நடக்கும்போது அதன் இரும்பு நுனி சீமெந்தில் டொக், டொக் என்று கேட்கும்.

அந்தக் களவைத்தான் ஜவுபர் செய்தான். போன வாரம் வியாழன் பாலத்தடியில் ஐந்நூறை மாட்டி, வாய்க்கால் கட்டின் மேல் வெள்ளைச் சாரனும் வெள்ளைத் தொப்பியுமாகத் தண்ணீர் பார்த்துக்கொண்டு நின்றவரைக் குறிவைத்தான். அறுநூறு அடி தூரம். தூரத்தில் இருந்து எடுப்பதற்கு அனுமதி எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரலை அழுத்துகிற நேரத்தில் ஹாஜியார் திரும்பினார். நேராகப் பார்த்தார். லென்ஸுக்குள் அவருடைய வாய் அசைந்தது; என்ன சொன்னார் என்பது அறுநூறு அடிக்கு இப்பால் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் முற்றத்தில் விழுந்து மவுத்தானார். அடக்குவதற்கு முன் ஜனாஸாத் தொழுகையில் லெப்பை வழமைப்படி, "இவர் ஆருக்காவது ஏதும் குத்தம் செஞ்சிரிந்தா பொறுத்துக்கொள்ளுங்க," என்று கேட்டார். எல்லோரும் பொறுத்தோம் என்றார்கள். மூன்றாம் வரிசையில் நின்ற ஜவுபரும் பொறுத்தோம் என்றான். அவருக்குக் குற்றம் செய்தவன் யாரிடம் போய்ப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது? அதற்கு ஒரு சடங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சோற்றையும் தின்றுவிட்டு ஊரே உறங்குகிற நேரம். ஜவுபர் கடை இரும்புக் கதவை இழுத்து விட்டு உள்ளே பூட்டிக்கொண்டான். அஸறுத் தொழுகைக்குப் பிறகு றஸாக் படத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். லென்ஸில் எது வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லியாக வேண்டும். கரண்ட் வெட்டு நாலரைக்கு. அதற்குள் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும்.

டார்க் ரூம் ஆறடிக்கு ஐந்தடி. சிவப்பு பல்பு ஒன்று, மூன்று தட்டு, படத்தைப் பெரிதாக்கும் என்லாஜர், அவன். படம் கழுவும் மருந்தின் புளித்த மணமும், மூடிய அறையின் வெக்கையும், எங்கோ ஒரு குழாயில் சொட்டுகிற தண்ணீரும் அவனுக்கு இருபது வருடப் பழக்கம். முதலில் ஹாஜியாரின் நெகட்டிவை மாட்டி வெளிச்சம் காட்டி, தாளை மருந்தில் விட்டு ஆட்டினான். வாய்க்கால் வந்தது. கட்டு வந்தது. கட்டின் மேல் குத்தி நின்ற மண்வெட்டி, அதன் பிடியில் கட்டியிருந்த துணி, பின்னால் வடை வடையாக மினுங்கும் தண்ணீர், எல்லாம் வந்தன.

ஹாஜியார் வரவில்லை.

"இதென்ன கர்மம்," என்றான். நெகட்டிவை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மண்வெட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பிலிமின் மற்றக் கட்டங்களையும் பார்த்தான், கொக்குகள்தான். போன வாரம் கழுவிக் காயவைக்கும்போது அவர் அதில் இருந்தார், அவன் தன் கண்ணால் கண்டிருந்தான். றஸாக்கிடம் என்ன சொல்வது? வாப்பாவை மண்ணில் வைத்துவிட்டு இந்த ஒரு படத்துக்காகக் காத்திருக்கிறான். எரிச்சலில் தாளைக் கசக்கிக் கூடைக்குள் எறிந்தான்.

சரி, லென்ஸ் வேலையையாவது முடிப்போம் என்று நேற்றுத் தொடங்கி இன்று காலை முடித்த பிலிமைப் போட்டான். முன் கட்டங்கள் மைதானத்தில் பந்து விளையாட்டு. முந்நூறு லென்ஸ் ஏமாற்றவில்லை. கோல் காவலனின் விரிந்த கை, அதற்கு ஒரு சாண் தள்ளிப் பந்து, தெறிக்கிற மணல். அருமையான படம். இடது பக்க மேல்மூலையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், அந்த வெள்ளைப் புள்ளி. இப்போது அது புள்ளியாக இல்லை. ஒரு விரல் நகம் அளவுக்கு நீண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று.

தூசி வளராது.

அடுத்த கட்டத்தில் அது கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. விளையாடுகிறவர்களில் ஒருவனும் அதைப் பார்க்கவில்லை. ஜவுபர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஈரத்தாளில் வைத்துக் குனிந்தான். வெள்ளைச் சாரன். வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் ஊன்றிய குடை. முகம் கமராவை நேராகப் பார்த்தது.

புதன்கிழமைப் படங்களை எடுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தான். கொக்கல்ல. அதிலும் சாரன், அதிலும் குடை. புதன் அன்று ஹாஜியார் மண்ணுக்குள் போய் மூன்று நாள்.

அடுத்தது இன்று காலை, ஸ்டூடியோ மாடியில் இருந்து வீதியைப் பார்த்து எடுத்தது. சைக்கிள்காரன், மீன் பெட்டி, எதிர்க்கடைப் பலகை. பலகைக்கு அடியில் அவர். சாரனின் கரையில் வயல் சேறு தெரிந்தது.

அதற்கடுத்தது. வீதியின் நடுவில். மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்கு ஊடாகவே போய்க்கொண்டிருந்தது.

அதற்கடுத்தது. கடைப்படியில்.

கடைசிக் கட்டம் ஒன்று மிச்சம். பிலிமை வீணாக்கக் கூடாது என்று, ஸ்டூடியோவுக்கு உள்ளேயே, பின்சுவரோடு கமரா ஸ்ராண்டை வைத்து, வெறும் கதிரையைப் பார்த்து எடுத்தது. கதிரை பதினைந்து அடி தள்ளி. அளந்துதான் வைத்தான், முந்நூறு எவ்வளவு கிட்டக் காணும் என்று பார்க்க.

தாளை மருந்தில் விட்டான். ஆட்டினான்.

கதிரை வந்தது. அதன் கைப்பிடி வந்தது. இரண்டு பிடியில் ஒன்றுதான் வந்தது. மீதிப் பாதித் தாள் முழுவதும் வெள்ளைப் புகை. ஒரு கோடு இல்லை, ஓரம் இல்லை. வெறும் வெள்ளை.

பதின்மூன்று அடிக்கு உள்ளே நிற்கிற எதையும் இது காணாது.

"தாள் பழுது," என்று சத்தமாகச் சொன்னான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "தாள்தான் பழுதாப்போச்சு. இந்த வெக்கைக்குப் பழுதாகாம என்ன செய்யும்."

அப்போது டொக் என்றது.

றஸாக் வந்துவிட்டான், இரும்புக் கதவைத் தட்டுகிறான். "பொறு மச்சான், வாறன்," என்று கத்தினான். அஸறுக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. இரும்பில் தட்டினால் அப்படிக் கேட்காது. சீமெந்தில்தான் அப்படிக் கேட்கும்.

டொக்.

அத்தரும் வயல் சேறும் கலந்த மணம். மருந்து மணத்தையும் மீறி வந்தது.

தாள் பழுதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, படம் பிடிக்கிற எவனுக்கும் தெரிந்த வழி. பெட்டியில் இருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்து, வெளிச்சம் காட்டாமல், அப்படியே மருந்தில் விட வேண்டும். நல்ல தாள் என்றால் வெள்ளையாகவே கிடக்கும். பழுது என்றால் சாம்பல் ஏறும். ஜவுபர் அதைத்தான் செய்தான். அவன் செய்யக்கூடியது வேறு ஒன்றும் இருக்கவில்லை. கை தன்பாட்டுக்குத் தட்டை ஆட்டியது.

"பொறுத்துக்கொள்ளுங்க ஹாஜியார்," என்றான். உதடு மட்டும்தான் அசைந்தது. "நான் கேட்டுத்தான் எடுத்திரிக்கோணும்."

தாள் வெள்ளையாகக் கிடந்தது. பத்து எண்ணினான். இருபது.

கறுப்பு ஏறத் தொடங்கியது.

சாம்பல் இல்லை. கோடுகள். கூர்மையான கோடுகள். மூன்று தட்டு. ஒரு பல்பு. என்லாஜர். குனிந்து நிற்கும் ஒருவனின் முதுகு, வியர்வையில் ஒட்டிய சட்டை, கொலரின் மேல் நரைத்த மயிர், பிடரியில் உருளும் ஒரு வியர்வைத் துளி, எல்லாம் மயிரிழை தவறாமல் விழுந்திருந்தன. ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்து எடுத்தது.

இவனிடம் யாரும் கேட்கவில்லை.

அவன் பிடரியில் அந்தத் துளி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஜவுபர் திரும்பவில்லை. தட்டுக்குள் இருந்த படத்தில், குனிந்து நின்றவன் மெல்லத் தலையைத் திருப்பத் தொடங்கினான்.