கடுகு குரைக்கவில்லை

ஆளில்லாத சுவரோரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கடுகு அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. கோழித் துண்டு கேட்கிற பார்வை. அவள் இரண்டு பக்கமும் தேடினாள். மதியம் இரண்டு மணி வெயிலில் தெரு துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. நாய் எதுவும் இல்லை.

பேர்தான் கடுகு. இன்னொரு நாயைக் கண்டுவிட்டால் போதும், முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த உடம்பு கயிற்றின் நுனியில் துள்ளித் துள்ளிக் குரைத்து நாலு மாடியையும் சன்னலுக்கு வரவழைத்துவிடும். குடியிருப்புச் சங்கச் செயலாளர் போன வாரம் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா நாயை வேற எங்கயாவது அனுப்பிடுங்கம்மா. இதுக்கு மேல உங்களுக்காக நான் பேச முடியாது." கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுகிற ஒரே உயிர் அதுதான். அதுவும் போய்விட்டால் யாரிடம் பேசுவது?

அதனால்தான் தேடிப் பிடித்து ஒரு நாய்ப் பயிற்சியாளரிடம் போனாள். அவர் சொன்ன முறை எளிது.

"வேற நாயைப் பாத்துட்டு, குரைக்காம உங்களைத் திரும்பிப் பாத்தா, அந்த நொடியே ஒரு கோழித் துண்டைக் குடுத்துடுங்க. முதல்ல அம்பது அடி தள்ளி நில்லுங்க. அப்புறம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க."

சுவரோர விஷயத்தைப் போனில் சொன்னதும் அவர் சிரித்தார். "உங்களை ஏமாத்துதும்மா. கெட்டிக்காரப் பய. குரைக்கலைல்ல? குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தாள். மறுநாள் அது பார்த்தது மின்கம்பத்தின் அடியை. அதற்கும் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் குடியிருப்பின் கேட்டை. உண்மையான நாய் ஒன்று பக்கத்திலேயே கடந்து போனது. கடுகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு நாளா சத்தமே காணோம். நாயை மாத்திட்டீங்களா?" என்று கீழ்வீட்டு ஆசிரியை கேட்டபோது அவளுக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

நான்காம் நாள் அதன் பார்வை கேட்வரைகூடப் போகவில்லை. கடுகு மாடிப்படியின் முதல் படியைப் பார்த்தது, பிறகு அவளை. குனிந்து துண்டை நீட்டியபோது கை அதன் முதுகில் பட்டது. முடி முழுக்கச் சிலிர்த்திருந்தது. உடம்பு நடுங்கியது. வால் வயிற்றுக்கடியில் ஒட்டியிருந்தது. துண்டை வாயில் வாங்கி, மெல்லாமல் கீழே விட்டது.

சுவர் ஐம்பது அடி. கம்பம் முப்பது. கேட் பத்து. நாலு நாளும் அவள் நின்றது மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில்தான்.

தூரத்தை அவள் குறைக்கவில்லை.

மறுநாள் வெளியே போகவில்லை. கதவைத் தாழிட்டு, நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் கதவிடுக்கு வழியாக நனைந்த முடியின் நாற்றம் வந்தது, முதலில் லேசாக, பிறகு நாக்கில் கசக்கிற அளவுக்கு. படியில் நகங்கள் மெதுவாகக் கீறிக்கொண்டு ஏறின. நின்றன.

கடுகு கதவைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

"குரைடா கண்ணா," என்றாள். "இன்னைக்கு ஒருநாள் குரைச்சுடு. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

அது உட்கார்ந்தது. சமர்த்தாக. சொல்லிக்கொடுத்தபடி.

பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் பார்த்தது. தாழ் அசையவே இல்லை.

பாயின் விளிம்பு. மேஜைக்கால். ஒவ்வொரு முறையும் அவள் முகம்.

அவளே குரைத்துக் காட்டினாள். அழுகையும் குரைப்புமாக ஏதோ வந்தது. கடுகு வாயைத் திறக்கவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் பார்த்தது. தரையை ஒட்டி, ஒரு நாயின் உயரத்தில்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கடுகின் பார்வை மெல்ல ஏறத் தொடங்கியது. அவள் இடுப்பு. தோள். தலை. அதற்கும் மேலே. கழுத்தை முழுக்க அண்ணாந்து, கூரைக்குச் சற்றுக் கீழே போய் நிலைத்தது.

மின்விசிறி ஓடவில்லை. அவள் வகிட்டில் மட்டும் சூடாக மூச்சு பட்டுப் பட்டு, முடி விலகி விலகிப் படிந்தது.